வாங்கியது நாலு, இருந்தது ஐந்து

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நடக்கிற கெட்ட காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது எந்த இடம் என்று இப்போதே சொன்னால், மிச்சக் கதையை நீங்கள் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் படிப்பீர்கள். அதனால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். மறைக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

வடக்கு வங்காளத்துக் கூச் பிஹாரில், பாதுரி வீட்டு மாடியில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். கீழே கடுகெண்ணெய் காய்ந்தால் மேலே எனக்குக் கண் எரியும். கீழே சண்டை நடந்தால் எனக்குத் தூக்கம் போகும். ஆகையால் இந்தக் கதையை நான் எங்கும் தேடிப் போகவில்லை. போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, என் மாடிப்படிக்கு நேர் கீழே, கிணற்றடியில் நடந்தது. அன்று முதல் ஒன்பது தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஆரல் என்பது விலாங்கைப் போல நீண்ட, ஆனால் விலாங்கு வகையைச் சேராத, முதுகில் வரிசையாக முட்களும் முன்னால் துருத்திய மூக்கும் கொண்ட, நன்னீரில் வாழும்—"

பள்ளிக்கூடப் பாடம். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. அடித்தாயிற்று.

இரண்டாவது: "ஷேபாலியின் கண்களில் தோர்ஷா ஆற்றின் ஆழம்—"

சீ. அவள் கண்ணில் இருப்பது மூக்குக்கண்ணாடி. அதையும் அடித்தாயிற்று.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஷேபாலி பாதுரிக்கு நாற்பத்து மூன்று வயது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். அவள் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஒரே ஒரு ஆரல். அது இதுவரை யாரும் கண்டு பெயர் வைக்காத இனம் என்று அவள் நம்பினாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, அது உண்மையா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போக ஒருவர் வருவதாக இருந்தது.

2

மீன் வந்த கதையை முதலில் முடித்துவிடுகிறேன்.

அதற்குப் பதினாலு மாதம் முன்னால் ஷேபாலி சந்தையில் குழம்புக்குப் பொடிமீன் வாங்கினாள். கெண்டைக் குஞ்சும் இறாலும், நடுவே நாலைந்து ஆரலும். இங்கே பாங்கால் என்பார்கள். வீட்டில் தட்டில் கொட்டி அலசும்போது மற்றதெல்லாம் அடங்கிவிட்டது. ஒன்று மட்டும் மூக்கை நீட்டி நீட்டித் தட்டின் மூலையைத் துளைக்கப் பார்த்தது. உயிருக்குத் துடிக்கிற ஜீவனை நறுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொய். மீன் நறுக்குவதற்கு இந்த ஊரில் யாருக்கும் மனம் வராமல் போனதில்லை.

அவள் கை நின்றதற்குக் காரணம் அவள் வேலை. வருஷா வருஷம் ஆய்வுக்கூட ஜாடியில் ஊறுகிற ஆரலை எடுத்து மேசைமேல் வைத்து, பெண்பிள்ளைகளை அதன் முதுகு முள்ளை எண்ணச் சொல்கிறவள். ஜாடி மீனுக்கு இருபத்தைந்து. புத்தகத்தில் இருபத்தாறுக்கு மேல் கிடையாது. தட்டில் கிடந்ததன் முதுகில் அந்த வரிசை வால் பக்கமாக அளவுக்கு மீறி நீள்வதாக அவளுக்குப் பட்டது. மெல்லிய பாலிதீன் பையில் தண்ணீரோடு போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். இருபத்தொன்பது. மறுநாளும் எண்ணினாள். இருபத்தொன்பது. ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை.

(மூன்றாம் முறை வந்தது இருபத்தெட்டு. இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அந்த ஒருத்தி அடுத்த பகுதியில் வருகிறாள்.)

ஆரலை வீட்டில் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பகலெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற மீன் அது. தொட்டியில் சரளைக்கல் போட்டால் தோல் உரசிப் புண்ணாகும், புண்ணானால் போச்சு. ஷேபாலி ஆற்று மணலை மாவுச் சல்லடையில் சலித்து, ஏழு தண்ணீர் அலசிப் போட்டாள். செம்பு கலந்த மருந்து ஒரு சொட்டும் ஆகாது. காய்ந்த தீனியை மோந்துகூடப் பார்க்காது, உயிரோடு மண்புழு வேண்டும். மூடியில் விரல் நுழைகிற இடுக்கு இருந்தால் வெளியே வந்துவிடும். ஒரு தடவை பம்புக் கம்பி போகிற துளை வழியாக வந்தேவிட்டது. அரிசி டின்னுக்குப் பின்னால் தூசியும் நூலும் ஒட்டிக் கிடந்ததை எடுத்துத் தண்ணீரில் விட்டபோது, பாழாய்ப்போன மீன், ஒன்றுமே நடக்காததுபோல மணலுக்குள் போய்விட்டது. அதிலிருந்து துளைகளில் பஞ்சு, மூடிமேல் செங்கல்.

இத்தனை செய்து வளர்த்த மீனைப் பார்க்க முடியுமா என்றால், அதுவும் இல்லை. சாயங்காலம் மணலிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வரும். புழுவை அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும். வீட்டுக்கு வருகிறவர்கள் வெறும் மணலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவள் கணவன் திஜேன், அதைக் குழம்பு வைத்தால் மூன்று வாய்க்குக்கூடக் காணாது என்பான். பள்ளி ஆசிரியர் அறையில் அவளுக்குக் கொலம்பஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். "நம்ம கொலம்பஸ் வந்தாச்சு, டீ குடுங்கப்பா" என்று ஒருத்தர் சொல்வார், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு ஜாடிகளைத் துடைக்கப் போவாள்.

3

மினதியை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மினதி, திஜேனின் அண்ணன் மனைவி. ஐம்பத்தாறு வயது. அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கு விட்டதுதான், விதவைக்கு மீன் ஆகாது என்கிற இங்கத்திப் பழைய வழக்கப்படி அவள் மீன் தொட்டுச் சாப்பிடுவதில்லை. இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஷேபாலியே சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள். மினதி கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு மீன் வாங்குவது, தேய்ப்பது, நறுக்குவது, சமைப்பது எல்லாம் அவள்தான். அவள் சமைத்த மீனுக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று ருசி பார்ப்பது ஷேபாலி.

என் இரண்டாம் பிரதியில் மினதிக்கு ஓரகத்திமேல் பொறாமை என்று எழுதியிருந்தேன். கதைக்கு வாட்டமாக இருந்தது. படிக்கிறவருக்கு யாரைத் திட்டுவது என்று தெரிந்துவிடும், எனக்கும் வேலை சுலபம். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதி முடித்தபோது கீழே முற்றத்தில் மினதி வாழைக்கட்டை அடியில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆரலுக்குப் புழு. பதினாலு மாதமும் அந்த மீனுக்குப் புழு தோண்டியவள் அவள்தான். அந்த வீட்டில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான். பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

(அவளும் அந்த மீனின் மூக்கைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. இதை நினைவில் வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்களே வைத்துக்கொள்வீர்கள்.)

4

வருகிறவர் ஹிரண்மய் லாஹிரி. கல்கத்தாவில் மீன் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவர். ஷேபாலி அனுப்பிய படங்களைப் பார்த்து முதலில் இரண்டே வரி எழுதினார்: படத்தில் முள் எண்ண முடியாது, மன்னிக்கவும். அவள் விடவில்லை. ஏழாவது கடிதத்துக்குப் பிறகு, வடக்கே ஒரு வேலையாக வருகிறேன், உங்கள் ஊரில் இரண்டு மணி நேரம் இறங்குகிறேன் என்று எழுதினார். கிராம்பு எண்ணெய் கொண்டுவருவதாகவும், இரண்டு சொட்டுத் தண்ணீரில் விட்டால் மீன் மயங்கும், அப்போது எண்ணிவிடலாம் என்றும், அதற்குமுன் அதைக் கையில் பிடித்து உலுக்க வேண்டாம், ஒரே நாளில் இரண்டு தடவை தாங்காது என்றும் எழுதியிருந்தார்.

இருபத்தொன்பது வந்தால் என்ன கிடைக்கும் என்று நான் அவளிடம் கேட்டேன். பேர் வருமா, பேப்பரில் போடுவார்களா என்றேன். அவள் யோசித்துவிட்டு, "விஷயம் தெரிஞ்ச ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீ சொன்னது சரின்னு என் வீட்டுல வச்சுச் சொல்லணும் தாதா" என்றாள். (இங்கே அண்ணனைத் தாதா என்பார்கள், அக்காவைத் தீதி.) வேறு எதுவும் கேட்கவில்லை.

5

சனிக்கிழமை காலை.

ஆரல் மத்தியானத்தில் மணலுக்குள் இருக்கும். விருந்தாளி முன்னால் மணலைக் கிளறித் தேடினால் தண்ணீர் கலங்கும், மீனுக்கும் காயம் படும். அதனால் விடியற்காலை இருட்டிலேயே புழுவைக் காட்டி அதை வெளியே வரவழைத்து, வலையில் ஏந்தி, தொட்டித் தண்ணீரையே ஒரு அலுமினியப் பானையில் ஊற்றி அதில் விட்டாள். அடியில் ஒரு கை மணலும் போட்டாள், இல்லாவிட்டால் பயந்து மோதிக்கொள்ளும். மூடி, மூடிமேல் செங்கல். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் கிணற்றடி. அங்கே கொண்டுபோய் வைத்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்த திஜேனிடம் சொல்லிவிட்டு, தேர்வு வேலைக்காகப் பள்ளிக்குப் போனாள். அவன் வாய் நிறைய நுரையோடு "உம்" என்றான்.

இந்த இடத்தில் எழுத்தாளனாக நான் கையைப் பிசைகிறேன். வங்காளத்து வீட்டில், கிணற்றடியில், மூடிய பானையில் தண்ணீரோடு மீன் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொறவையோ கெளுத்தியோ சந்தையிலிருந்து உயிரோடு வாங்கி வந்து, அடுப்பு மூட்டும்வரை போட்டு வைக்கிற பானை அது. பதினாலு மாதம் மூடிக்கும் துளைக்கும் பஞ்சு அடைத்தவளுக்கு, தப்பித்து ஓடுகிற வழியெல்லாம் தெரியும். சட்டிக்குப் போகிற வழி கண்ணில் படவில்லை.

6

சரி. என் பங்கு.

காலை எட்டரைக்குச் சந்தை வாசலில் மினதியைப் பார்த்தேன். விருந்தாளிக்கு ரூயி மீன் வாங்கலாமா, பெரிய இறாலா என்று பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் பெரிய வேடிக்கைக்காரன் என்று எனக்கு நினைப்பு.

"முப்பது வருஷம் ஆரலை ஆராய்ச்சி பண்ணினவரு. ஆரலையே ஆக்கிப் போடுங்க தீதி, மனுஷன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு" என்றேன்.

சொல்லிவிட்டுக் கீரை வாங்கப் போய்விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மினதி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல யோசனை என்று நாலு ஆரல், உயிரோடு, ஒரு சாண் நீளத்தில், பார்த்துப் பார்த்து வாங்கினாள். வீட்டுக்கு வந்தாள். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிய பானை, மூடியோடு தயாராக இருந்தது. ஷேபாலி தனக்காக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம். செங்கலை எடுத்து, மூடியை அரைச் சாண் தூக்கிப் பையைக் கவிழ்த்தாள். ஆரல் துள்ளும் என்று சட்டென்று மூடினாள்.

இதை நான் மாடியிலிருந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பேன் என்று ஒரு பிரதியில் எழுதினேன். பார்த்திருந்தாலும் எனக்கு என்ன தெரியும்? பானையில் என்ன இருக்கிறதென்று எனக்கும் யாரும் சொல்லவில்லை.

7

ஷேபாலி பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள். கிணற்றடியில் மினதி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் சாம்பல். சாம்பல் தொட்டுப் பிடித்தால்தான் ஆரல் வழுக்காது. பக்கத்துத் தட்டில் துண்டுகள். பானை திறந்திருந்தது.

மினதி எழுந்திருக்கவில்லை.

"ஷேபாலி, நான் நாலுதான் வாங்கினேன். நாலு நறுக்கிட்டேன். பானையை அலம்பலாம்னு எடுத்தா உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு."

ஷேபாலி பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் ஒரு ஆரல் வளைந்து கிடந்தது. வெளிறிப்போயிருந்தது. பயந்தால் ஆரலுக்கு நிறம் போய்விடும், உடம்பிலுள்ள பட்டையும் புள்ளியும் மங்கிவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

துண்டுகளைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். குழம்புக்கு ஆரலை நறுக்குமுன் முதுகு முள்ளை வரிசையோடு சீவி எடுத்துவிடுவார்கள், தொண்டையில் சிக்கும் என்று. சீவினதையும் தலைகளையும் மினதி வழக்கம்போல வாத்துகளுக்கு எறிந்திருந்தாள். வாத்துகள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இதைக் கொட்டிடறேன். குளத்துல போட்டுடறேன்" என்று மினதி தட்டைத் தூக்கினாள்.

அந்த நேரத்துக்குச் சந்தை கலைந்திருக்கும். வீட்டில் வேறு மீன் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற ஆளுக்கு மீன் இல்லாமல் சோறு போடுவது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஷேபாலி தட்டைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"சமைங்க தீதி" என்றாள்.

8

வெள்ளை எனாமல் பேசினில் நல்ல தண்ணீர் பிடித்து அந்த ஒன்றை விட்டுக் கூடத்து மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். ஒரு மணி ஆக இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

புழு கொடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் புழு நெளிந்தது, மீன் அசையவில்லை. அவளுடையதாக இருந்தால் பிடுங்கியிருக்கும். இல்லை, அவளுடையதாகவே இருந்தாலும் இத்தனை பட்டபிறகு பிடுங்காது. மூக்கைப் பார்த்தாள். பதினாலு மாதம் தினமும் பார்த்த மூக்கு. எல்லா ஆரல் மூக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. உலகத்திலேயே வேறெங்கும் இல்லாத மீன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, சந்தையில் வாங்கிய நாலிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த அவமானத்தை யாரும் பார்க்கவில்லை, அவளே பார்த்தாள்.

வாசகர் இங்கே மேசையைத் தட்டுவார்: ஏன், எண்ணிப் பார்த்தால் என்ன?

எண்ணத் தொடங்கினாள். பாலிதீன் பை எடுத்தாள், பூதக்கண்ணாடி எடுத்தாள். பதினொன்று வரை எண்ணினாள். நிறுத்திவிட்டாள். ஒரே நாளில் இரண்டு தடவை தாங்காது என்று லாஹிரி எழுதியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்: சமையலறையில் மினதி அம்மியில் கடுகு அரைத்துக்கொண்டிருந்தாள். எண்ணி முடிக்காதவரைக்கும் மினதி எதையும் கொல்லவில்லை.

9 (இதை எடுத்துவிடலாம். இருக்கட்டும்.)

முடிவுகள் கைவசம் இரண்டு வைத்திருக்கிறேன்.

அ. லாஹிரி உள்ளே வருகிறார். ஷேபாலி கடைசியாக ஒரு தடவை விரலை நீட்டுகிறாள். மீன் மெல்ல வந்து புழுவைப் பிடுங்குகிறது. எல்லார் கண்ணிலும் நீர். வாரப் பத்திரிகைக்கு அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். என்னால் கூசாமல் கையெழுத்துப் போட முடியவில்லை.

ஆ. எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள். லாஹிரியின் தொண்டையில் முள் சிக்குகிறது. எடுத்துப் பார்த்தால் அது இருபத்தொன்பதாவது—

இதை எழுதிய இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வேடிக்கை பேசி ஒரு தடவை கெடுத்தது போதாதா? அடித்தாயிற்று.

10

லாஹிரி ஒன்று இருபதுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை, கழுத்தில் இரண்டு கண்ணாடி. வரும்போதே மூன்றரை ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். திஜேன் நாற்காலி போட்டான். நான் சந்தேஷ் இனிப்புத் தட்டை ஏந்தி நின்றேன், யாரோ கையில் கொடுத்துவிட்டார்கள். சமையலறையிலிருந்து கடுகும் பச்சைமிளகாயும் சேர்ந்த வாசனை வந்தது. லாஹிரி மோந்து பார்த்து, பாங்காலா, பேஷ் என்றார்.

பேசினைக் குனிந்து பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதினார்.

"கடிதத்துல எழுதினீங்களே, அந்த மீன்தானே இது? பதினாலு மாசமா உங்ககிட்ட இருக்கறது?"

வழக்கமான கேள்விதான். எங்கே பிடித்தது, எத்தனை நாளாக இருக்கிறது என்று எழுதாமல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் எழுதிக்கொண்டு மேலே போவார்.

"தெரியலை சார்" என்றாள் ஷேபாலி.

அவர் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலையில அஞ்சு மீன் ஒரே பானையில கலந்துபோச்சு. நாலு போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இது என்னுதா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

திஜேன் தலையில் கை வைத்துக்கொண்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். யார் கலந்தது என்று லாஹிரி கேட்டார். பானையைக் கிணற்றடியில் வைத்தது நான்தான் என்று ஷேபாலி சொல்லி முடிக்குமுன், சமையலறை வாசலிலிருந்து மினதி, "கலந்தது நான். நறுக்கினதும் நான்" என்றாள்.

அப்போது நானும் வாயைத் திறந்திருக்கலாம். யோசனை என்னுடையது என்று நாலு வார்த்தை. சந்தேஷ் தட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

லாஹிரி கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எண்ணிப் பார்த்துவிட்டே போகலாம் என்று பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார்.

11

கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு. அறையெல்லாம் பல்வலி மருந்து வாசனை. மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, செவுள் மட்டும் மெதுவாக அசைந்தது. லாஹிரி கையை நனைத்துக்கொண்டு ஈரத் துணியில் அதைக் கிடத்தினார். மெல்லிய ஊசியால் தலைப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு முள்ளாக நிமிர்த்தி, தாழ்ந்த குரலில் எண்ணத் தொடங்கினார்.

மினதி உள்ளே வந்து ஷேபாலியின் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"எவ்வளவு வரணும்?" என்று காதோடு கேட்டாள்.

"இருபத்தொன்பது."

"இருபத்தெட்டு வந்தா?"

"அதுவும் போதும் தீதி."

பத்து. பதினைந்து. மினதியின் உதடும் கூடவே அசைந்தது. பத்தொன்பதில் ஊசி தவறியது, லாஹிரி மறுபடி பதினெட்டிலிருந்து வந்தார். இருபத்து மூன்று. வால் பக்கம் போகப் போக முள் சின்னதாகி, தோலுக்குள் புதைந்து கிடந்தது. அவர் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார். இருபத்து நான்கு. இருபத்தைந்து.

"இருபத்தாறு" என்றார்.

ஊசி தோல்மேல் நகர்ந்தது. முன்னால் போனது, பின்னால் வந்தது. பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். திரும்பவும் தேடினார். பிறகு ஊசியைத் துணியில் துடைத்தார்.

"இருபத்தாறுதான். சாதாரண பாங்கால்."

மீனை நல்ல தண்ணீரில் விட்டார். சற்று நேரத்தில் அது வாலை அசைத்தது.

மினதி ஷேபாலியின் பக்கம் திரும்பினாள். அழவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்ப உன்னுதை நான்தான் நறுக்கிட்டேனா?"

12

கதை இங்கே இருக்கிறது. இதற்குமேல் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி, அதை ஷேபாலி சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் இரண்டு வாக்கியங்கள் கிடக்கின்றன.

ஒன்று: ஆமா தீதி, என் மீன் போயிடுச்சு. இதைச் சொன்னால் அவள் எண்ணியது சரி. இருபத்தொன்பது முள்ளோடு ஒரு மீன் அவள் வீட்டில் பதினாலு மாதம் வாழ்ந்தது. லாஹிரி நம்பாவிட்டாலும், கொலம்பஸ் என்று கூப்பிடுகிறவர்கள் நம்பாவிட்டாலும், அவளுக்குத் தெரியும். அந்த மீன் இப்போது சமையலறையில் கடுகு விழுதில் வெந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதினாலு மாதம் புழு தோண்டிக் கொடுத்தவள்தான் அதைச் சாம்பல் தொட்டுப் பிடித்தாள். சாகும்வரை மினதி அதைச் சுமப்பாள்.

இன்னொன்று: இல்ல தீதி, இதுதான் என்னுது, நான்தான் தப்பா எண்ணிட்டேன். ஒரு தடவை இருபத்தெட்டு வந்ததே, ஞாபகம் இருக்கா? இதைச் சொன்னால் மினதி யாரையும் கொல்லவில்லை. மீன் உயிரோடு இருக்கிறது, சாயங்காலம் மணலுக்குத் திரும்பும். ஆனால் பதினாலு மாதமும் சிரித்தவர்கள் சிரித்தது சரி என்று ஆகிவிடும். விஷயம் தெரிந்த ஒருத்தர் முன்னால், தன் வீட்டில் வைத்து, தன் வாயாலேயே அவள் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டில் எது உண்மை என்று அவளுக்கும் தெரியாது. இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அவள் ஒன்றைச் சொன்னாள். நான் கேட்டேன். ஒன்பது தடவை எழுதினேன், ஒன்பது தடவையும் இந்த இடத்தில் என் பேனா ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியது. எந்த வாக்கியம் வந்தால் சந்தை வாசலில் நான் பேசிய பேச்சு வெறும் பேச்சாகப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எது அவள் சொன்னது, எது எனக்கு வேண்டியது என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை. இந்த ஒரு வரியில் என்னை நம்பாதீர்கள். நீங்கள் யாருக்கும் சாப்பாட்டு யோசனை சொல்லவில்லை, உங்கள் கை சுத்தமாக இருக்கிறது.

மினதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். திஜேன் மேசையில் தட்டு வைக்கத் தொடங்கிவிட்டான், லாஹிரி கை கழுவப் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் சொல்லுங்கள், ஷேபாலி என்ன சொல்லட்டும்?